ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

டிங்கிப் படகு அலையில் ஏறுகிறது. விழுகிறது. மடியில் என் மகள் ஸ்டெல்லா. ஆறு வயது. மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாள். வாயில் அழுகிய பழ வாடை.

"பகடோ! பகடோ! புள்ளயக் கெட்டியாப் புடி!" டிங்கிக்காரர் கத்துகிறார்.

பிடித்திருக்கிறேன். அது ஒன்றுதான் என்னால் முடிகிறது.

வியாழன், காலை ஏழு பத்து. எங்கள் தீவிலிருந்து ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஞாயிறு முதல் புயல். கவர்மெண்ட் போட் ஓடவில்லை. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூரைத் தகரம் கிழிந்த சத்தம் கேட்டது. கரண்டும் போனது. பிரிட்ஜ் நின்றது.

ஸ்டெல்லாவுக்கு நான்கு வயதில் சர்க்கரை வந்தது. தினம் நான்கு இன்சுலின் ஊசி. இல்லாவிட்டால் உயிர் தங்காது. என் கணவர் அந்தோணி மீன் பிடிக்கிறவர். "மீனே அஞ்சு நாளு கெடாம இருக்கு, மருந்து கெட்டுருமாக்கும்?" என்றார். மூன்று குப்பியையும் மீன் பெட்டியில், உப்புப் போட்டு உடைத்த ஐஸுக்குள் புதைத்தார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன்.

திங்கள் காலை குப்பி கல்லாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கினேன். ஊசி போட்டேன். சர்க்கரை 310. செவ்வாய் 420. புதன் மெஷினில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. வாந்தி. போனில் டவர் இல்லை. அலை தணியட்டும் என்று படகு ஏறும் ஜெட்டியில் எல்லோரும் சொன்னார்கள். அது தணியவே இல்லை. வியாழன் விடிந்ததும் கிடைத்த டிங்கியில் ஏறிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குப்பியைத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே திரிதிரியாக மிதக்கிறது.

"பரஃப் மே ரக்கா தா?" ஐஸில் வைத்தீர்களா என்று கேட்கிறார்.

"ஹா சாப்! ஒரு மணி நேரங்கூட வெளிய வைக்கல!" அந்தோணி பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாதாம். வீட்டு நிழலில் சும்மா வைத்திருந்தாலே வாரக்கணக்கில் தாங்கியிருக்குமாம். படிக்கிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

வெள்ளி, பகல் பதினொன்று நாற்பது. இதயத் துடிப்பு காட்டும் மெஷினின் சத்தம் ஒரே நீளமாக வந்தது. பிறகு அணைத்துவிட்டார்கள்.

போனது: மூன்று குப்பி. பன்னிரண்டு ஊசி, எல்லாம் நான் போட்டது. பன்னிரண்டுக்கும் அவளே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். பிள்ளை, ஒன்று. எங்களுக்கு இருந்ததே ஒன்று.