இடியின் பழைய குரல்

லிஃப்டின் கதவு ஓடும் தடத்தை வாரம் ஒருமுறை துடைத்தாலே பாதிப் பழுது வராது. எந்தக் கட்டிடத்திலும் யாரும் துடைப்பதில்லை. பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் அலுவலக லிஃப்டும் அப்படித்தான் இருக்கிறது சார். மூன்றாவது மாடியில் கதவு இழுக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

என் வேலையில் மோசமான இடம், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழி. உள்ளே இறங்கி நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே பெட்டி தொங்கும். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறோம், அது கீழே வராது என்று தெரியும். தெரிந்தும் எனக்குக் கால் நடுங்கும். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு காதில் இயர்போனை மாட்டி, இடி கத்தும் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன். இடி என்பது ஒரு மெட்டல் இசைக்குழுவின் பாடகருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். அடிவயிற்றிலிருந்து அவர் கத்தும்போது, என் பயத்தையும் சேர்த்து அவரே கத்தித் தீர்ப்பதுபோல இருக்கும். எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

போன வருடம் புது ஆல்பம் வந்தது. கிட்டார் அடங்கிப்போய் பியானோ வந்திருந்தது. பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பதுபோல இடி மெதுவாகப் பாடினார். இணையத்தில் ரசிகர் பக்கத்தில் அடிதடியே நடந்தது. குரலில் பக்குவம் வந்திருக்கிறது என்றார்கள் சிலர். தொண்டை போய்விட்டது, அதைப் பியானோவை வைத்து மூடுகிறார்கள் என்றார்கள் சிலர். எங்கள் வீட்டில் மாமியாரே இதை ரசித்துக் கேட்கிறார், இனி நான் எந்த முகத்தோடு மெட்டல் ரசிகன் என்று கறுப்புச் சட்டை போடுவது என்று ஒருவர் எழுதியதற்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பெண், இதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் படித்தேன். நான் எதுவும் எழுதவில்லை. நான்கு மாதம் குழிக்குள் இறங்கவும் இல்லை. இறங்கியதாகக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

பழைய பாட்டுகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அவரே கைவிட்ட பிறகு அவை எனக்கு வேலை செய்யவில்லை.

அவர் குடியிருந்த கட்டிடத்தின் லிஃப்ட் என் பொறுப்பு. அவருக்கு ஒன்பதாம் மாடி, அதுதான் கடைசி மாடி. ஒருநாள் லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ஏன் கத்துவதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து எனக்கு எதப் பாத்தாலும் பயம்ணே. அதான் கத்துனேன். கல்யாணம் ஆச்சு, பொண்ணு பொறந்தா, பயம் எங்கயோ போயிடுச்சு. இல்லாத பயத்துக்கு எப்படிக் கத்துறது?"

நேர்மையான பதில். ஆக, தொண்டையில் கோளாறு இல்லை, பயம்தான் இல்லை. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மொட்டைமாடியில் மோட்டார் அறையில் இருந்தேன். அவர் ஒரு பையோடு கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்தேன். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே பெட்டியை நிறுத்தி, விளக்கையும் விசிறியையும் அணைத்தேன். அபாய மணியின் வயரை முன்பே கழற்றியிருந்தேன். போனை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அது என் திட்டத்தில் இல்லை, தானாக அமைந்தது.

பெட்டிக்குள் பேசுவது என் அறையிலுள்ள இன்டர்காமில் கேட்கும். அதன் பக்கத்தில் என் போனை வைத்துப் பதிவு செய்தேன். யாராவது இருக்கிறீர்களா என்று மரியாதையாகவே கேட்டார். கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். பிறகு தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல, புது ஆல்பத்துப் பாட்டு ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கினார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

அவர் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டார். "அண்ணே, அவரு லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு, தட்டுற சத்தம் கேக்குது. எங்க இருக்கீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன்மா. இருபது நிமிஷம்" என்றேன். அந்தம்மா என் காலுக்கு நேர் கீழே, ஒன்பதாம் மாடி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு பெட்டியைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக் லீவரைத் தளர்த்தினேன். ஒரே ஆள் இருந்தால் பெட்டி கீழே விழாது சார், மேலேதான் போகும். மறுபக்கம் தொங்கும் எடை அதிகம். அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் இருட்டில் நிற்பவருக்கு மேலா கீழா என்று தெரியாது. ஒரு சாண் விட்டுப் பிடித்தேன். மறுபடி ஒரு சாண். மூன்றாவது தடவை அந்தக் குரல் வந்தது.

மேலே ஆள் இருப்பது அதற்குள் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அண்ணே, விட்டுடுங்கண்ணே. பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்துடுவா" என்றார். அதற்குப் பிறகு வார்த்தை இல்லை, குரல் மட்டும்தான். பதினொரு நிமிடம். எந்த மேடையிலும் அவர் அப்படிக் கத்தியதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குரல் நின்றதும், களைத்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. பெட்டியை ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுவந்து, படியிறங்கிப் போய்ச் சாவி போட்டுத் திறந்தேன். அவர் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. பையில் சின்னதாக ஒரு ஜோடி ஷூ இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்ததற்கு நன்றி சொன்னார்.

மறுநாள் மூன்று கட்டிடங்களில் குழிக்குள் இறங்கினேன். கால் நடுங்கவில்லை. அந்தப் பதிவில் நான்கு நிமிடத்தை மட்டும், பெயர் போடாமல், ரசிகர் பக்கத்தில் ஏற்றினேன். அவர் கடைசியாகப் பாடி வெளியிடாமல் வைத்திருந்த பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். இதுதானய்யா எங்கள் ஆள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். குரல் போய்விட்டது என்று சண்டை போட்டவர்கள் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். பின்னணியில் பிரேக் சத்தம் கேட்கிறதே என்று ஒருவர் மட்டும் எழுதினார். அவரும் லிஃப்ட் மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும்.

அவரைச் சாகடித்தது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு நாளாக இந்த அறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் மறுபடி கால் நடுங்குகிறது. அந்தப் போன் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, அதிலுள்ள பதிவை ஒரு நிமிடம் போட்டுவிட்டால் போதும். அப்புறம், இந்த வாக்குமூலத் தாளில் 'உதவி கேட்டுக் கதறினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார். கேட்டுப் பாருங்கள், அவர் எனக்காகப் பாடுகிறார்.