எறக்கி விட மாட்டேன்

எறக்கி விட மாட்டேன். நீ எத்தன தடவ சொன்னாலும் எறக்கி விட மாட்டேண்ணே. பிள்ள எம் முதுகுலதான் இருப்பா. ஒனக்கென்ன, ஒம் முதுகா வலிக்கு?

ஒக்காரு. மொதல்ல அந்தக் காக்கிச் சட்டையில ரெண்டு பித்தானக் கழட்டி விடு, காத்து போவட்டும். புது ஹார்பர்ல கரி எறக்குதியோ கோதும எறக்குதியோ, கருவாட்டுக் கூடையே தேவலன்னு இருக்கு. சிரிக்காத. நான் வெளாட்டுக்குப் பேசல. எட்டு மாசமாச் சேத்து வச்ச கோவம், இன்னைக்குத்தான் ஆளு கெடச்சிருக்கு.

அது என்ன, கொண்டாந்து வாசல்ல வச்சிருக்க? நடவண்டியா? நல்லாத்தான் இருக்கு, பச்சப் பெயின்ட்டும் செவப்புச் சக்கரமும். பிள்ளைக்கு எத்தன மாசம், சொல்லு பாப்போம். பாத்தியா, முழிக்க! எட்டு மாசம்ணே. இன்னும் தவழத்தான் செய்யுதா. நிக்கத் தெரியாத பிள்ளைக்கு நடக்க வண்டி வாங்கியாந்த தாய்மாமன ஊருல இன்னைக்குத்தான் பாக்கேன். ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தா மாசக் கணக்காவது தெரிஞ்சிருக்கும். சாமியாரு, தாய்மாமன் எங்கன்னு கேக்காரு, நான் கோயில் தூணப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

பேரு பிரகாசி. அதுவும் தெரியாதுல்ல.

இந்தத் துணிக் கெட்டா? இது எம் புருசன் அவியளோட பழைய நாலு முழ வேட்டி. பெறந்த முப்பதாம் நாளு நெஞ்சோட சேத்துக் கெட்டுனேன். அப்பம் ரெண்டு சுத்துச் சுத்தி, மிச்சத் துணி முழங்கால் வர தொங்கும். அஞ்சாம் மாசம் தல நின்னதும் இடுப்புக்கு வந்தா. இப்பம் முதுகு. துணியில மிச்சம் இந்தா, ஒரு சாண்தான். தராசும் வேண்டாம் டாக்டரும் வேண்டாம், முடிச்சு நுனிக்கு வர வர பிள்ள வளந்துட்டான்னு எனக்குத் தெரியும். பல்லு ரெண்டு மொளச்சிருக்கு, தோள்பட்டையில எப்பிடிக் கடிச்சிருக்கா பாரு. மாவு ஆட்டுனாலும் முதுகுல, கருவாடு திருப்புனாலும் முதுகுல. ரெண்டு கையும் எனக்கு மிச்சம். நான் பேசுனா காதுக்குள்ள அவளும் பேசுதா. இப்பங்கூட ஒன்னத்தான் வையுதா, கேளு.

பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா சொல்லுதா, ஏளா, பிள்ளைக்குக் காலு வளஞ்சிரும், தொட்டில்ல போடுன்னு. பெத்தது நானு, சொமக்கது நானு, வளையது மட்டும் அவ கண்ணுக்குத் தெரியுது. இப்பம் நீயும் வந்து அதையே சொன்னா எனக்கு எப்பிடி இருக்கும்?

இரு, அவிய சங்கு எடுக்க முங்கும்போது யாரு இப்பம் மேல கயிறு பிடிக்கான்னுதான கேக்க? சொல்லுதேன். அதுக்கு முன்ன நீ ஏன் பிடிக்கலன்னு நான் கேக்கணும்.

ஹார்பர் வேலைக்குப் போனதுக்கு நான் ஒரு வார்த்த சொல்லல. மாசாமாசம் சம்பளம், காக்கிச் சட்ட, யாருக்குத்தான் ஆச இருக்காது? சங்குக் குளியல நம்பி எத்தன நாளைக்கு இருக்க முடியும், அது எனக்கும் தெரியும். ஆனா சொல்லிட்டுல்லா போவணும்? பிள்ள பெறந்து பதினோராம் நாளு. அவிய கடலடிக்கு எறங்குத கல்லத் தோள்ல தூக்கிக்கிட்டு, கயித்தச் சுருட்டிக் கையில வச்சிக்கிட்டு, கரையில ஒனக்காக நிக்காவ. வள்ளமெல்லாம் போயிட்டு. வெயில் ஏறிட்டு. நீ வரல. பொறவு யாரோ வந்து சொல்லுதான், ஒம் மச்சான் ஹார்பர் லாரியில ஏறிப் போறான்னு. எம் புருசன் திரும்பி வந்து அந்தக் கல்ல இந்த வாசல்ல போட்டாவ பாரு, சத்தத்துல பிள்ள தூக்கிப் போட்டு அழுதுச்சி. அவிய ஒன்ன ஒரு வார்த்த வையல. அதான் எனக்கு இன்னும் வயிறு எரியுது.

நம்ம கரையில ஏன் பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையில கயித்தக் குடுக்காவ? சொல்லு. ஒனக்கு மறந்திருக்கும், நான் சொல்லுதேன். கீழ கெடக்கவன் கயித்த ஒரு சுண்டு சுண்டுனா மேல இருக்கவன் அந்த நிமிசமே தூக்கணும். தூங்கிட்டான்னா, பராக்குப் பாத்துட்டான்னா போச்சு. தங்கச்சி தாலி அந்தக் கயித்துலதான் தொங்குதுன்னு அண்ணனுக்குத் தெரியும், அவன் கண்ண மூட மாட்டான். அதுக்குத்தான். கல்யாணத்தன்னைக்கு ஊரே பாக்க நீ அந்தக் கயித்த வாங்கல? நான் பட்டுச்சேல கெட்டிக்கிட்டு நின்னு பாத்தேனே.

ஒனக்குப் பொறவு ரோச் வந்தான். கூலிக்கு. கூலிக்காரனக் கொற சொல்ல முடியாது, அவன் தங்கச்சியா இங்கன இருக்கா? மூணு வாரத்துக்கு முன்ன அவன் பீடி பத்த வச்சிக்கிட்டு இருந்திருக்கான். கயிறு ஒரு தடவ சுண்டுச்சி. ரெண்டு தடவ சுண்டுச்சி. மூணாவதுக்குத்தான் பீடியக் கீழ போட்டிருக்கான். அவிய மேல வரும்போது மூக்குலயும் காதுலயும் ரத்தம். வீட்டுக்கு வந்து, ஒண்ணுமில்ல, சளி ஒடஞ்சிட்டுன்னு என்கிட்டயே பொய் சொல்லுதாவ. தலையணையில ரத்தம் காஞ்சி கெடக்கு, சளியாம்.

அழாத. காக்கிச் சட்ட போட்டுக்கிட்டு அழாத, நல்லால்ல.

கையா? ஒண்ணுமில்ல, கெணத்துக் கயிறு. அட, விடு கைய. கொப்புளம் ஒடஞ்சி காச்சிப் போச்சி, இப்பம் வலிக்கல. நம்ம கெணத்துல ராட்டினம் போட்டிருக்குல்லான்னா கேக்க? ஆமா, போட்டிருக்கு. கயிறு கையில ஒரசாது. சரி, ஒனக்கும் கண்ணு இருக்கு.

நான்தான்.

ரோச்ச நிப்பாட்டுன மறுநாள்ல இருந்து நான்தான் கயிறு பிடிக்கேன். பொம்பள வள்ளத்துல கால வைக்கப்பிடாதுன்னு சொன்னாவ. பெரிய வள்ளத்துல ஏத்த மாட்டேன்னுட்டாவ. சின்ன வள்ளம் ஒண்ணு எரவல் வாங்கி நாங்க மூணு பேரும் தனியாப் போறோம். பால் குடிக்க பிள்ளைய யாருகிட்ட விட? முதுகுல கெட்டிக்கிட்டேன். ரெண்டு கையும் மிச்சம்னு சொன்னேம்லா, இதுக்குத்தான். அவிய முங்குனதும் எனக்கு மூச்சு தானா அடச்சிரும். முதுகு அசையலன்னா அவளும் அசைய மாட்டா. கயிறு சுண்டுன அடுத்த இழுப்புல தூக்கிருவேன். அவிய தல மேல வந்த பொறவுதான் நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடுதோம்.

என்னது, நாளைக்கு லீவு போட்டுட்டு வாரியா? வா. விடியுமுன்ன கரையில நிக்கணும், இந்தத் தடவையும் பிந்துனா நாங்க போயிருவோம். வந்தா பிள்ளைய ஒம் முதுகுல கெட்டி விடுதேன்.

கயிறு எங் கையிலதான் இருக்கும்.