தனியாக நிற்க மாட்டார்கள்

— வெட்டிடு கோரின். அந்த ஒரே ஒரு வாக்கியம். வெளியுறவு இலாகா வேணாம்னு சொல்லிட்டா அதோட கதை முடிஞ்சுது.

— சாண்ட்விச் சாப்பிட வான்னு கூப்பிட்டப்பவே நினைச்சேன். கல்யாண நாளையே மறந்துபோற புருஷன், வெள்ளை மாளிகைக்கு எதிர்ல பெஞ்சைத் துடைச்சு உக்கார வைக்கறானேன்னு.

— கேளு. சாயங்காலம் ஜனாதிபதி உரை. பெரியவர் நாட்டு மக்கள்கிட்ட பேசப்போறாரு. பேச்சு எல்லா இலாகாவுக்கும் சுத்துக்குப் போயிருக்கு. வர்தேனியா நாட்டைப் பத்தின பக்கத்துக்கு உங்க இலாகா சார்பா ஒப்புதல் சொல்லவேண்டியது நீதானே. சொல்லிட்டியா?

— ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இந்த ஊறுகாயை எடுத்துக்கோ, எனக்கு வேணாம்.

— அந்த வாக்கியத்தைப் படிச்சியா?

— "அந்த ஆற்றங்கரையில் அவர்கள் தனியாக நிற்க மாட்டார்கள்." படிச்சேன். ஏன், நல்லாத்தானே இருக்கு?

— பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி மாதிரி இருக்கு. எங்க ஆபீஸ்ல பேச்சு எழுதற சின்னப் பையன், அந்த டானருக்கு வேற எப்படி எழுத வரும்?

— ஓ. டானர் எழுதினதா?

— பின்ன? அது என் பேச்சு கோரின். முதல்லேருந்து கடைசி வரைக்கும் நான் உக்காந்து எழுதினது. அவன் பெரியவரோட ஒரு தடவை விமானத்துல போயிட்டு வந்தான். வந்து பாத்தா இந்த வாக்கியம் உள்ள உக்காந்திருக்கு. பெரியவர் அதைச் சத்தமா வாசிச்சாராம். கண்ணை மூடிக்கிட்டு மறுபடி வாசிச்சாராம்.

— யாரு சொன்னா?

— அவனேதான். சூப் குடிச்சுக்கிட்டே சொல்றான். முழங்கையைத் தூக்கித் தூக்கிக் குடிக்கறான், பெரியவர் குடுத்த சட்டைக்கைப் பொத்தான் எல்லார் கண்ணுலயும் படணும்னு.

— உனக்குக் குடுக்கலையா?

— என்னை 'வாரன்'னு கூப்பிடறாரு. வந்த நாள்லேருந்து. முதல்ல லோவெல்னு திருத்தினேன். இப்ப வாரன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கறேன்.

— ஐயோ பாவம். சிரிக்கல, சிரிக்கல. சொல்லு.

— சிரிச்சுக்கோ.

— வயித்தெரிச்சல்னு ஒத்துக்கிட்டா சிரிக்கறத நிறுத்தறேன்.

— கேளு. இது கொள்கை விஷயம். ஐரோப்பாக்காரன் நம்ம அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் புதுசா காலை வைக்கக்கூடாதுன்னு அந்தக் காலத்து ஜனாதிபதி மன்றோ சொன்னாரு. அன்னைக்கு அவர்கிட்ட பெருசா கடற்படைகூட கிடையாது. வெறும் பேச்சு. ஆனா அவருக்கப்புறம் வந்தவங்க அந்தப் பேச்சைக் காட்டியே எத்தனை நாட்டுல படையை இறக்கினாங்க? ஜனாதிபதி ட்ரூமன் கம்யூனிஸ்டுகளைத் தடுக்க நிதி கேட்டது கிரீஸுக்கும் துருக்கிக்கும்தான். சொன்ன சொல்லு அதோட நின்னுதா? பின்னால வந்தவங்க அதைச் சுமந்துகிட்டு வியட்நாம் வரைக்கும் போனாங்க. ஒருத்தர் வாயத் திறக்கறாரு. அடுத்தவர் காலத்துப் பசங்க சாகறாங்க.

— ம்.

— என்ன ம்?

— நீ சொல்றது சரின்னு தோணுது. அதான் எரிச்சலா இருக்கு.

— அப்ப வெட்டு.

— இரு. கொரியாச் சண்டை வந்த வருஷம், ஜனவரியில, வெளியுறவு மந்திரி ஒரு பேச்சு பேசினாரு. நம்ம காவல் கோடு இங்கேருந்து இங்க வரைக்கும்னு இடம் இடமா சொன்னாரு. கொரியா பேரு அதுல வரல. ஜூன்ல வடக்கேருந்து டாங்கி இறங்கிடுச்சு.

— அதனாலதான் இறங்கிச்சுன்னு யாரும் நிரூபிக்கல.

— நிரூபிக்கல. ஆனா இன்னிக்கு வரைக்கும் அவரைத்தான் கேக்கறாங்க. சொல்லாம விட்டதும் காதுல விழும் லோவெல். நான் வர்தேனியாவுல வேலை பாத்தப்ப பாலத்துக்குப் பக்கத்துல ஒரு ரொட்டிக் கடைக்காரி இருந்தாளே, போன வாரம் பேசினேன். கடை ஜன்னல்ல மணல் மூட்டை அடுக்கியிருக்கா. அக்கரைல படை நிக்கறது அவளுக்குத் தெரியுதாம். இந்தப் பேச்சுல உங்க ஆளு என்ன சொல்லுவாருன்னுதான் கேட்டா.

— ரொட்டிக் கடைக்காரிக்காகக் கொள்கை எழுத முடியுமா?

— வேற யாருக்காக எழுதறதாம்?

— சரி சரி, கோவிச்சுக்காத.

— இவ்வளவு தெரிஞ்சவன் நீயே ஆட்சேபணை சொல்லவேண்டியதுதானே. உங்க ஆபீஸ் மர்னாதானே எல்லாப் பக்கத்தையும் சேக்கறா? அவகிட்ட ஒரு வார்த்தை போதுமே.

— நான் சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா?

— தெரியும். வயித்தெரிச்சல்னு. நான் சொன்னதையேதான்.

— மர்னாவே மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. 'சின்னப் பையன் மேல என்ன பொறாமை உனக்கு'ன்னு. உங்க இலாகா பேருல வந்தா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க.

— ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. இதே வாக்கியம் உன் கையால வந்திருந்தா?

— அது வேற.

— லோவெல்.

— விட்டிருக்க மாட்டேன். எவன் வெட்ட வந்தாலும் கதவைச் சாத்திக்கிட்டுச் சண்டை போட்டிருப்பேன். போதுமா? எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன் நான்! ஒரு வாக்கியம், ஒண்ணே ஒண்ணு, பெரியவர் பேரோட ஒட்டிக்கிட்டு நிக்கணும். புத்தகத்துல அவர் பேருதான் வரும். வரட்டும். ஆனா இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கிறவனுக்குத் தெரியணும், அது என்னோடதுன்னு. இப்ப அது டானரோடது. காலத்துக்கும் டானரோடது.

— டானரோடது இல்ல.

— என்ன?

— டானர் எழுதல. என்னோட வாக்கியம் அது.

— விளையாடாத.

— முதல்ல உங்கிட்டதான் சொன்னேன். வீட்டுல. நீ மீன் முள்ளு எடுத்துக்கிட்டிருந்த. 'அவங்க தனியா நிக்க மாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்'னு சொன்னேன். 'உப்பு இந்தப் பக்கம் தள்ளு'ன்ன.

— எனக்கு ஞாபகமே இல்ல.

— இருக்காது. டானர் விமானத்துலேருந்து போன் பண்ணினான். அங்க இருக்கிற ஜனங்க எதைக் கேக்கணும்னு ஏங்கறாங்க, சொல்லுங்க மேடம்னான். இத்தனை வருஷத்துல பேச்சு எழுதற ஆளுங்க ஒருத்தர்கூட எங்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. ஒருத்தர்கூட. சொன்னேன். ஒரு எழுத்து மாத்தாம எழுதிக்கிட்டான்.

— தன்னோடதுன்னு சொல்லிக்கறானே.

— உங்கிட்ட சொல்லியிருப்பான், உன்னைக் கடுப்பேத்த. பெரியவர்கிட்ட என் பேரைத்தான் சொன்னானாம்.

— பெரியவருக்கு உன் பேரு தெரியுமா?

— யாரு அந்த அம்மான்னு கேட்டாராம். கோரின் ப்ரூயிட்னு திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிட்டாராம்.

— சரியா சொன்னாரா?

— என்னது?

— பேரை. சரியா சொன்னாரா?

— சரியாத்தான் சொன்னாராம். ஏன்?

— ஒண்ணுமில்ல. அப்ப எழுதினதும் நீ, ஒப்புதல் குடுக்கறதும் நீ.

— கூடாதுதான். தெரியும். எழுதின ஆள் தன் எழுத்துக்குத் தானே தலையாட்டக்கூடாது. மர்னா காதுக்குப் போனா அந்தப் பத்தியையே தூக்கிடுவா, என்னையும் வர்தேனியா வேலையிலேருந்து தூக்கிடுவாங்க. ஆனா எனக்கு மேல இருக்கிற ஆளுகிட்ட அனுப்பினா பயந்துபோய் வாக்கியத்தையே அடிச்சுடுவான். பெரியவருக்கும் டானருக்கும் இந்தச் சுத்துக்கு யாரு தலையாட்டறாங்கன்னே தெரியாது. வேற யார்கிட்டயும் நான் மூச்சு விடல. உங்கிட்டதான் சொல்றேன்.

— ஏன் சொல்ற?

— அவனைப் பாத்துப் பாத்து நீ வேகறியே. வேகவேண்டியதில்லன்னு சொல்லத்தான். அது நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசைல பொறந்தது. உன்னோடதுன்னே வச்சுக்கோயேன்.

— நல்ல வாக்கியம் கோரின்.

— நிஜமாவா? பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டின்ன?

— நல்ல வாக்கியம். எனக்கு வந்திருக்காது. நான் இன்னும் நாலு வார்த்தை கூட சேத்திருப்பேன்.

— இதை உன் வாயால கேக்கணும்னு எவ்வளவு ஆசை தெரியுமா? சரி, கையைத் துடைச்சுக்கோ. பண்ணிடறேன், மணி ஆகப்போகுது. ... மர்னாவா? கோரின் பேசறேன், வெளியுறவு இலாகா. வர்தேனியா பக்கம். ... ஆட்சேபணை இல்ல. ஒரு வார்த்தைகூட மாத்த வேணாம். ... ஆமா, வெளியில சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். ... பக்கத்துலதான் இருக்கான், குடுக்கறேன். லோவெல், உன் முடிவுரையைச் சுருக்கணுமாம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்கிட்ட கேக்கறா.

— குடு. மர்னா? சுருக்கிக்கோங்க, எங்க வேணும்னாலும். ... இருங்க, வச்சுடாதீங்க. அந்த ஆற்றங்கரை வாக்கியத்துக்கு இப்ப கோரின் ஆட்சேபணை இல்லன்னு சொன்னாங்களே, அதை எழுதினது யாருன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?