திங்கட்கிழமைக்கு ஒரு வார்த்தை

டோரிஸ்: இந்த வார்த்த கேமுல உன் கையில கியூ எழுத்து இருக்கு, ஸெட் இருக்கு. அந்த ஆளு போட்ட 'ஷூர்'ல யூ சும்மா கெடக்கு. 'குவிஸ்' போடுடி!

ஸ்டெஃபனி: மா... என் போனு, என் கேமு.

டோரிஸ்: ஒரே போடுல ஆளு காலி லா.

ஸ்டெஃபனி: எனக்கு 'மண்'னு வர்ற வார்த்தைதான் வேணும். எம், ஓ, என்... மூணும் சேந்தாப்புல.

டோரிஸ்: அதுல என்னா பாயிண்ட் வந்துடும்?

ஸ்டெஃபனி: வர்றது போதும். யோசிச்சு சொல்லுங்க.

டோரிஸ்: சால்மன்.

ஸ்டெஃபனி: எஸ் இல்ல என்கிட்ட. 'ஷூர்'ல இருக்குற எஸ் பக்கம் எடமும் இல்ல.

டோரிஸ்: செர்மன்? உங்கப்பா ஞாயித்துக்கெழம நல்லா தூங்குறது அதுலதான்.

ஸ்டெஃபனி: அதுக்கும் எஸ் வேணும்மா! போன வாரம் இப்படித்தான் 'கோஸ்தான்' போடுன்னீங்க. கேம் ஏத்துக்கவே இல்ல.

டோரிஸ்: அது அந்த கேமோட சாலா, நம்ம தப்பில்ல. பொறந்ததுலேர்ந்து காடிய பின்னால எடுக்க கோஸ்தான் கோஸ்தான்னு கத்துறோம். இங்கிலீஷ் இல்லன்னா அது என்னவாம்?

ஸ்டெஃபனி: நம்ம இங்கிலீஷ். விடுங்க...

டோரிஸ்: ஆமா, எதிர்ல விளையாடுறது யாரு?

ஸ்டெஃபனி: யாரோ... பினாங்கு ஆளு.

டோரிஸ்: பினாங்கா? சரி சரி. அவன் 'ஷூர்'னு போட்டான். கண்டிப்பாவான்னு கேக்குறான். நீ 'வில்'லுன்னு போட்ட. செய்வேன்னு சொல்ற. இப்ப அதே டபிள்யூல புடிச்சு 'வென்'னு எறக்கிருக்கான். எப்பன்னு கேக்குறான். பினாங்கு ஆளுக்கு உன்மேல என்னா இம்புட்டு அக்கற? திவாகரு தான?

ஸ்டெஃபனி: ஆமா. திவாகர்தான். இப்ப என்னா?

டோரிஸ்: என்னாவா! லூபோக் சீனாவுல காவடி எடுக்குற குடும்பத்துப் பையன் வேணாம்னு உங்கப்பா பைபிள்ல உன் கைய வச்சு சத்தியம் வாங்கி ஒரு மாசம் ஆகல!

ஸ்டெஃபனி: என்னா சத்தியம்? போன் பேசக் கூடாது. மெசேஜ் அனுப்பக் கூடாது. நேர்ல பாக்கக் கூடாது. மூணையும் ஒழுங்கா காப்பாத்துறேன். கேம் விளையாடக் கூடாதுன்னு அப்பா சொல்லலையே.

டோரிஸ்: இது மெசேஜ் இல்லியா?

ஸ்டெஃபனி: பாயிண்ட் வருதுல்ல? அப்ப கேம்தான்.

டோரிஸ்: வாயி... வாயி. அப்படியே உங்கப்பன் வாயி. 'மண்'னு தேடுறியே, அது 'மண்டே'யா, திங்கக்கெழமையா?

ஸ்டெஃபனி: நாள் பேரு போட்டா கேம் ஏத்துக்காதும்மா. அதான் உள்ள ஒளிச்சு வக்கிறேன். அவனுக்குப் புரியும்.

டோரிஸ்: திங்கக்கெழம என்னா?

ஸ்டெஃபனி: ரெஜிஸ்டர்.

டோரிஸ்: ஸ்டெஃபி...

ஸ்டெஃபனி: சத்தியத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டோம். நாளு மட்டும் பாக்கி. திங்க, இல்லன்னா வியாழன். நான் சொல்லணும்.

டோரிஸ்: திங்கக்கெழம அப்பாவோட வொர்க்‌ஷாப் மூடி இருக்கும். மனுசன் வீட்டுலதான் இருப்பாரு.

ஸ்டெஃபனி: தெரியும்.

டோரிஸ்: அப்ப வியாழன்தானடி தோது? அவரு வொர்க்‌ஷாப்புக்குப் போனதும் நைஸா ஓடிடலாம்ல?

ஸ்டெஃபனி: நான் எதுக்கு ஓடணும்? திருடிட்டா போறேன்? நடந்து போவேன். சேல கட்டி, பூ வச்சி, ஹால்ல அவரு பேப்பர் படிக்கறப்ப, "அப்பா, கல்யாணம் பண்ணிக்கப் போறேன், நீங்களும் வாங்க"ன்னு கூப்புட்டுட்டுதான் போவேன்.

டோரிஸ்: கேட்ட பூட்டிட்டா?

ஸ்டெஃபனி: தொறங்கன்னு சொல்வேன். தொறக்குற வரைக்கும் அங்கயே நிப்பேன். பக்கத்து வீட்டு சீனத்தி பாக்கட்டும், இந்தத் தாமான்ல இருக்குற அத்தன வீடும் பாக்கட்டும்.

டோரிஸ்: அழுதுட்டாருன்னா? சொல்லு. அந்த மனுசன் அழுவாரு.

ஸ்டெஃபனி: நானும் அழுவேன். அழுதுகிட்டே போவேன். சின்னப் பிள்ள இல்லம்மா நான். இருபத்தேழு வயசு. அப்பாமேல எனக்கு உசுரு. அதுக்காக ஒளிஞ்சு வாழ முடியாது. திவாகரும் ஒளிய மாட்டான்.

டோரிஸ்: என் பெரிய அக்கா இதே மாதிரி கல்யாணத்துக்கு வீட்ட விட்டுப் போனது உனக்குத் தெரியாது. அன்னிக்கு எங்கம்மா சமையக்கட்டுலேயே நின்னுட்டாங்க. அக்கா வாசல்ல ரொம்ப நேரம் பாத்துகிட்டே இருந்துச்சு. ஒரு வார்த்த... போய்ட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லல அவங்க. எனக்கு இன்னும் ஆறலடி.

ஸ்டெஃபனி: இத ஏன் இப்ப சொல்றீங்க?

டோரிஸ்: சும்மா. போன குடு இப்படி. 'வில்'லுல கடைசி எல் இருக்கா? அதுலேர்ந்து கீழ எறக்கு. எல், ஈ, எம், ஓ, என். லெமன்.

ஸ்டெஃபனி: மா!

டோரிஸ்: என்னா மா? ஈ இருக்குல்ல கையில?

ஸ்டெஃபனி: இருக்கு... போட்டேன். போயிடுச்சு.

டோரிஸ்: குவிஸ் போட்டிருந்தா ஜெயிச்சிருப்ப.

ஸ்டெஃபனி: நீங்க... அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?

டோரிஸ்: சாட்சிக்கு ரெண்டு பேரு வேணுமே. யாரப் புடிச்சு வச்சிருக்க?

ஸ்டெஃபனி: என்கூட வேல செய்யுற தேவிஸ்ரீ. அப்புறம் அவன் கூட்டாளி ஷங்கர்.

டோரிஸ்: ரெண்டு பேரையும் வர வேணாம்னு சொல்லிடு.

ஸ்டெஃபனி: மா, நீங்க தடுத்தாலும் சரி, தலகீழா நின்னாலும் சரி, திங்கக்கெழம நான்...

டோரிஸ்: வேணாம்னு சொல்லுடி! திவாகரு அவங்கம்மாகிட்ட எப்பவோ எல்லாத்தையும் சொல்லிட்டான். திவாகரோட அம்மா கோமளாவும் நானும் போன வாரமே அலோர் காஜா பாசார் மாலாம்ல, அந்த ராத்திரி சந்தையில உக்காந்து பேசி முடிச்சாச்சு. பொண்ணு பக்கம் நான் கையெழுத்துப் போடுறேன், பையன் பக்கம் அவ போடுறா. உங்கப்பா கேட்டுல வந்து நின்னாருன்னா, மொதல்ல என்ன நிறுத்திப் பாக்கட்டும்.