வாசல் பலகையில் என் பேரு

அந்தப் பித்தளைப் பலகையத் திரும்பத் திரும்பப் படிக்காதம்மா, எரிச்சலா வருது! "இக்கோயிலைக் காத்த பெருந்தகை லுவோ ஷெங்பிங்"... ஆமா, நான்தான். வாசல்ல ஸ்டூலப் போட்டு உங்களுக்குப் பரீட்சை வேண்டுதல் சீட்டு எழுதுறேனே, இதே கிழவன்தான். காத்தேனாம்! இடிக்க வந்தவன்மா நானு!

பொண்ணு பேரு என்ன சொன்னே? ஷூ யாவ்... சரி. கன்பூசியஸ்கிட்ட சீட்டு கட்டிட்டா அவரு வந்து மார்க் போட்டுருவாராக்கும். சரி சரி, முறைக்காத, எழுதுறேன்.

அறுபத்தாறாம் வருஷம், கலாச்சாரப் புரட்சி, பழசையெல்லாம் ஒடைச்சுத் தள்ளுன்னு கிளம்பின நேரம், எனக்குப் பதினெட்டு வயசு. கையில சிவப்புப் பட்டை, பை நிறையத் துண்டுப் பிரசுரம். நான் படிச்ச காலேஜே அந்தப் பிரசுரம்தான். உள்ள இருக்கிற சிலை புதுசு, தெரியுமா? பழச மொதல்ல கயிறு போட்டு இழுத்தது யாரு? இந்தக் கை! அதப் பலகையில போட்டானா? போடல. "நான் இடிச்சவன், என் பேர எடு"ன்னு தொல்பொருள் ஆபீசுக்கு ஒன்பது மனு எழுதிட்டேன். அங்க இருக்கிற பொண்ணு, "தாத்தாவுக்கு என்னா தன்னடக்கம்!"ங்குது. ஒன்பதாவது மனுவுக்குப் பதிலா மேடையில ஏத்தி நெஞ்சுல பெரிய சிவப்புப் பூவக் குத்தி விட்டாங்க!

என்ன நடந்துச்சுன்னா... உள்சுவர்ல கன்பூசியஸோட சீடர்கள் எழுபத்திரண்டு பேரு ஓவியம். அதுமேல மூணு பூச்சு சுண்ணாம்பு அடிச்சேன். அதுக்கும் மேல செக்கச்செவேல்னு, எழுத்து ஒண்ணொண்ணும் ஆள் உயரத்துக்கு, கட்சித் தலைவரோட வாசகம் எழுதினேன். மறுநாள் நம்ம பசங்க சம்மட்டியோட வந்துட்டாங்க, சுவர இடிக்க. "அடிங்கடா! தலைவர் வாசகத்து மேல அடிக்கிறவன் எவன்னு பாக்குறேன்!"னேன். ஒருத்தன் கை ஓங்கல. ஓங்கினா அவன் புரட்சித் துரோகி ஆயிருவான்ல? சுவரு தப்பிச்சுது.

ஏன் தடுத்தேனா? அது... எழுத்தும்மா. என் ஆயுசுல அப்படி ஒரு எழுத்து எனக்கு மறுபடி அமையல. அதப் போயி சம்மட்டியால...

மூணு வருஷம் முன்னாடி நிபுணருங்க வந்தாங்க. பஞ்சு, தண்ணி, சின்னச் சின்னக் கத்தி. என் எழுத்த அப்படியே சுரண்டி எடுத்துட்டாங்க! அடியில பாத்தா சீடர்கள் அத்தனை பேரும் நேத்து வரைஞ்ச மாதிரி நிக்கிறானுங்க. சுண்ணாம்பு காப்பாத்திடுச்சாம். ஊரே கைதட்டுது. நான் ஒருத்தன்தான் அழுதேன். "ஆனந்தக் கண்ணீர்"னு பேப்பர்ல போட்டுட்டான், பாவி!

இந்தா உன் சீட்டு. மை காயட்டும், தொடாத. எப்படி எழுத்து? ம்... இத மட்டும் எவனாலயும் குறை சொல்ல முடியாது.

எங்க கத்துக்கிட்டேனா? பிரசுரத்துலயா? அதுல ஏதும்மா எழுத்து, வெறும் மசிதான் இருந்துச்சு... அந்தா, முற்றத்துல ராஜா காலத்துப் பரீட்சை ஜெயிச்சவங்க பேரு வெட்டின கல்லு நிக்குதுல்ல? சின்னப் பையனா இருந்தப்போ தெனம் வந்து ஈர விரலால அந்த வெட்டு மேலயே எழுதி எழுதிப் பாப்பேன். எட்டு வருஷம்.

என்ன சிரிக்கிற? அந்த ஆபீஸ் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத தாயே. இன்னொரு பலகை அடிச்சிருவா!