ஐம்பது பேர் கல்யாணம்

வீரமுத்து: அம்பதே பேரு, பூமாலை! அதுக்கு மேல ஒரு ஆளு கூடக் கூடாதுன்னு கெவுருமெண்டே சொல்லிடுச்சு. இந்த யோகம் எந்தப் பொண்ணப் பெத்தவனுக்கு வாய்க்கும்?

பூமாலை: கொரோனாவப் போயி யோகம்ன்றீங்களே...

வீரமுத்து: பின்ன? மண்டபம் இல்ல, கச்சேரி இல்ல, மூணு வேளப் பந்தி இல்ல. கோயில் வாசல்ல நின்னு தாலியக் கட்டுனா முடிஞ்சிது! சின்னசேலத்து மாப்ளவூட்ல ஒத்துக்கினாங்க. வர்ற வெள்ளிக்கிழமயே முகூர்த்தம்!

அபிநயா: அப்பா! வெள்ளிக்கிழமயா?

வீரமுத்து: லாக்டவுனு எடுத்துட்டா ஊரே சாப்புட வந்து ஒக்காந்துக்கும் கண்ணு. அதுக்குள்ள...

அபிநயா: வெள்ளிக்கிழம வெள்ளிமலைலேர்ந்து ஷைனி லோடு அனுப்புறாப்பா. பலாப்பழம், தேனு, சாமை... எல்லாத்தையும் நான்தான் கள்ளக்குறிச்சில வூடு வூடாக் குடுக்கணும். வாட்சப்புல ஆர்டரு வந்துக்கினே இருக்குது.

வீரமுத்து: அத அந்த ஷைனிப் பொண்ணே பாத்துக்கும்.

அபிநயா: எப்டிப்பா? அவ மலையில வாங்குறா, நான் கீழ விக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து பண்ற யாவாரம் இது. காலேஜி மூடுனதுலேர்ந்து உங்கிட்ட ஒரு தபா கை நீட்டியிருக்கனா? போன மாசம் சிலிண்டரு யாரு வாங்குனது?

வீரமுத்து: நீதான். யாரு இல்லன்னது? எல்லாம் என் ரத்தம். லாக்டவுனு வந்ததும் நான் டீய வுட்டேன், பீடிய வுட்டேன், கறி எடுக்குறத வுட்டேன்...

பூமாலை: சக்கரைய வுட்டீங்க பாருங்க, அதான் பெருசு. மாப்ளவூட்டுக்காரங்களுக்கு வெல்லம் போட்டு டீ குடுத்து, அது திரிஞ்சி...

வீரமுத்து: குடிச்சாங்கல்ல?

பூமாலை: மூஞ்சத் திருப்பிக்கினு குடிச்சாங்க.

அபிநயா: கல்யாணத்துக்கப்புறம் யாவாரம் கீவாரம் எதுவும் கூடாதுன்னும் சொல்லிட்டுப் போனாங்கப்பா. எனக்கு வேணாம்ப்பா. கொஞ்ச நாளு நான் என் கால்ல நின்னு...

வீரமுத்து: நகையே வேணாம்ன்றான் அவன். அப்பேர்ப்பட்ட எடத்த வுட முடியுமா? பூமாலை, நீயே சொல்லு.

பூமாலை: அப்பா சொல்றது சரிதான்டி.

அபிநயா: அம்மா! நீயுமா?

பூமாலை: எவ்ளோ மிச்சம் பாரு! ஏங்க... அந்த அம்பது பேரு யாரு யாருங்க?

வீரமுத்து: மாப்ளவூட்ல பாதி. மீதி எங்கண்ணன் வூடு, தம்பி வூடு, ஒங்கண்ணன் வூடு... ஐயரு, மேளக்காரரு...

பூமாலை: ஐயரக் கூடவா எண்ணுவாங்க?

வீரமுத்து: போலீசு எண்ணும். தலைன்னா தலைதான?

பூமாலை: அப்ப மணலூர்பேட்ட பழனி அண்ணனக் கூப்புட முடியாது.

வீரமுத்து: அவன் எதுக்கு? வந்தா குடும்பத்தோட வருவான்.

பூமாலை: இல்ல... அவுரு பொண்ணுங்க மூணு பேரு கல்யாணத்துக்கும் நீங்க மொய் வெச்சீங்களேன்னு பாத்தேன்.

வீரமுத்து: மூணு தபா வெச்சனே...

பூமாலை: திருநாவலூரு சின்னராசு வூட்ல பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு ஒரு தரம், வூடு குடிபோனதுக்கு ஒரு தரம். ராஜாம்பாள் பையனுக்கு மோதரமே போட்டீங்க.

வீரமுத்து: ஆமா... மோதரம்...

பூமாலை: நமக்கு ஒத்தப் பொண்ணு. போட்டதெல்லாம் திரும்பி வர்றது இந்த ஒரு கல்யாணத்துலதான். சரி போவட்டும், வுடுங்க.

வீரமுத்து: இரு இரு... இன்னாத்த வுடறது? வர முடியலன்னா யார்கிட்டயாச்சும் குடுத்தனுப்ப மாட்டானுங்களா?

பூமாலை: பத்திரிக வெக்காத கல்யாணத்துக்கு எவன் மொய் குடுத்தனுப்புவான்?

வீரமுத்து: பத்திரிக வெச்சி, அதுல இந்த ஜிபே நம்பர...

பூமாலை: போடுங்க. நீங்க யாரும் வராதீங்க, பணத்த மட்டும் அனுப்புங்கன்னு கொட்டை எழுத்துல போடுங்க. ஊரே காறித் துப்பும்.

அபிநயா: சின்னராசு மாமா இன்னும் பட்டன் போனுதாம்ப்பா வெச்சிருக்காரு.

வீரமுத்து: அடக் கடவுளே! கரும்பு வெட்டுன காசெல்லாம் ஊரான் வூட்டு மொய்யில கெடக்குது! நான் வெல்லத்துல டீ போட்டு மிச்சம் புடிச்சிக்கினு... போன எங்கடி? அந்தப் போன எடு!

பூமாலை: யாருக்குங்க?

வீரமுத்து: சின்னசேலத்துக்குத்தான். ஒத்தப் பொண்ணு, ஊரக் கூட்டித்தான் பண்ணுவோம், லாக்டவுனு முடியட்டும்னு சொல்லிடறேன்.

பூமாலை: அவுங்க காத்திருக்க மாட்டோம்னா?

வீரமுத்து: போறான் போ! இவன் போனா இன்னொரு மாப்ள வருவான். மொய் வருமா? தள்ளு, களத்துலதான் டவரு கெடைக்கும்...

அபிநயா: அம்மா... போய்ட்டாரா?

பூமாலை: போய்ட்டாரு.

அபிநயா: அம்மாஆஆ! தப்பிச்சேன்! ஐயோ, என் தங்கமே!

பூமாலை: கத்தாதடி! கழுத்த வுடு, மூச்சு முட்டுது!

அபிநயா: நான் பையக் கட்டி வெச்சிட்டேம்மா. நாளைக்குக் காலைல ஷைனி வூட்டுக்கு மலைக்கே ஓடிடலாம்னு...

பூமாலை: தெரியும். கட்டுனவ கட்டிலுக்கு அடியில பாதி தெரியிறாப்ல வெப்பியா? நான்தான் நெல்லு மூட்டைக்குப் பின்னால தள்ளி வெச்சேன்.

அபிநயா: அடிப்பாவி! அப்ப நீ கேட்டது மொய்க்கு இல்லியா?

பூமாலை: மொய்யாவது, மண்ணாவது. பொண்ணுக்கு ஆசையிருக்குன்னு சொன்னா ஒங்கப்பா காதுல ஏறாது. காசு போவுதுன்னா ஏறும்.

அபிநயா: லாக்டவுனு முடிஞ்சா திரும்ப ஆரம்பிப்பாரேம்மா.

பூமாலை: ஆரம்பிக்கட்டும். அதுக்குள்ள நீ தியாகதுருகம் வரைக்கும் ஆர்டரு புடி. நல்லா ஊனி நில்லு. அப்புறம் ஒன்ன எவன் நகத்துறான்னு பாக்குறேன்.

அபிநயா: யப்பா... இன்னா பேச்சு பேசுற! இம்மாம் தெகிரியத்த இத்தினி நாளு எங்கம்மா வெச்சிருந்த?

பூமாலை: அன்னிக்கு இல்லாமப் போச்சேடி...

அபிநயா: அம்மா? இன்னாம்மா, அழுவுறியா? சந்தோசமா இருக்கறப்போ...

பூமாலை: ஒண்ணுல்லடி. பன்னெண்டாவது பரிச்சைக்கு நான் ஹால் டிக்கெட்டு வாங்கி வெச்சிருந்தேன்.

அபிநயா: நீயா? படிப்பு ஏறல, அதான் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுவ?

பூமாலை: எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொல்லிக்கினு இருக்கேன். எங்கக்கா கல்யாணத்துக்குப் போட்ட பந்தலு அபி... பிரிக்கறதுக்குள்ள இன்னொண்ணையும் தள்ளிவுட்டா ஒரு பந்தல் காசு மிச்சம்னு எங்கப்பா சொன்னாரு. மறுநாளு காலைல அதே பந்தல்ல என்னைய ஒக்கார வெச்சிட்டாங்க.