ஏழாம் எண் மீட்டரும் ‘ஏற்பட்டது’ என்ற சொல்லும்

எனக்குப் பத்தே நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர் ஐயா அவர்களே! கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே! ஒரு காலத்தில் என் விடைத்தாள்களில் சிவப்பு மையைச் சிந்தி, இன்று கைகொடுத்து என்னை மேடையேற்றியிருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை படிப்பது என்னவென்று முழுதாகப் புரியாவிட்டாலும், படிக்கட்டும் படிக்கட்டும் என்று பாடுபடும் தாய்மார்களே, தந்தைமார்களே! பின்வரிசையில் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரம் முடியும் என்று நம்பி அங்கே போய் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை வரவேற்றுப் பேசியவர் வளரும் வல்லுநர் என்றார், வழிகாட்டும் விளக்கு என்றார். விளக்கல்ல நான். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், மின்பலகைகளைத் திறந்து பார்த்து, எது பழுது, எது பத்திரம் என்று அறிக்கை எழுதுகிறவன். எனக்கு இங்கே வைத்திருந்த பட்டப்பெயர் ‘அவசரம்’. அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு என்ன? ‘தாம் செய்த பயிற்சியைப் பற்றி மாணவர் சிந்தித்துக் கட்டுரை எழுதுவது எப்படி?’ என்னை ஏன் கூப்பிட்டார்கள்? இதோ, இன்று வெளியிடப்படும் இந்தக் கட்டுரைத் தொகுப்பின் பதினோராம் பக்கத்தில், ‘முன்மாதிரிக் கட்டுரை’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது நான் எழுதியது. ஆறு ஆண்டுகளாக, ஒவ்வொரு புது மாணவன் கையிலும் இதைக் கொடுத்து, இதுபோல் எழுது, இதுபோல் எழுது என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அதில் ஒரு வரியை வாசிக்கிறேன். கேளுங்கள்.

‘அளவீட்டின்போது சிறு தடை ஏற்பட்டது, அது உடனடியாகச் சரிசெய்யப்பட்டு, பயிற்சி வெற்றிகரமாக நிறைவு செய்யப்பட்டது. இதன்மூலம் பொறுமையின் பெருமையைக் கற்றுக்கொண்டேன்.’

கை தட்டுகிறீர்களா? தட்டாதீர்கள், தம்பிகளே. தட்டாதீர்கள், தங்கைகளே. அந்த வரி பொய். வெட்கமில்லாத, வழவழப்பான, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கிய பொய். குறைந்துபோன அந்த ஒரு மதிப்பெண்ணும் பொய்க்காகக் குறையவில்லை, கையெழுத்துக்காகக் குறைந்தது.

‘ஏற்பட்டது’! என்ன அருமையான சொல்! தடை ஏற்பட்டது. தாமதம் ஏற்பட்டது. தவறு ஏற்பட்டது. மழை பெய்கிற மாதிரி, வெயில் அடிக்கிற மாதிரி, தவறு தானாக வந்து, தானாக ஏற்பட்டு, தானாகப் போய்விடுகிறது! யார் செய்தது? சொல்லாது. யார் பார்த்தது? சொல்லாது. யார் மறைத்தது? அதையும் சொல்லாது. கண்ணாடியும் தண்ணீரும் அளக்கிற ஆய்வகக் குறிப்பேட்டில் ‘எடுக்கப்பட்டது, அளக்கப்பட்டது’ என்று எழுதப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் அங்கேயே நின்றிருந்தால் குற்றமில்லை. அதைத் தூக்கிக்கொண்டுவந்து நம்மைப் பற்றிய கட்டுரையிலும் போட்டுக்கொண்டோம். போர்வை மாதிரி போர்த்திக்கொண்டோம்.

அந்தப் போர்வைக்கு அடியில் என்ன இருந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்றரை மணி. மாடியில் இருக்கும் மின் ஆய்வகத்தில் நானும் என் கூட்டாளியும் கடைசிப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தோம். எங்களுக்கு வந்தது ஏழாம் எண் மீட்டர். மஞ்சள் உறை, மூலையில் ஒரு கீறல், சிவப்புக் கம்பி ஒன்று, கறுப்புக் கம்பி ஒன்று. இங்கே மின்சாரம் படிக்காத பெற்றோர் இருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். மீட்டரில் எண் வந்தால் மின்சாரம் இருக்கிறது, தொடாதே என்று பொருள். பூஜ்ஜியம் வந்தால் மின்சாரம் இல்லை, தொடலாம் என்று பொருள். அந்தப் பூஜ்ஜியத்தை நம்பித்தான் எங்கள் தொழிலில் கை உள்ளே போகும்.

இருநூற்று முப்பது காட்ட வேண்டிய இடத்தில் எங்கள் மீட்டர் பூஜ்ஜியம் காட்டியது. கறுப்புக் கம்பியை நேராக்கினேன்: எண் வந்தது. வளைத்தேன்: பூஜ்ஜியம். மறுபடி நேராக்கினேன்: எண். உறைக்குள்ளே, முனைக்கு இரண்டு விரற்கடை மேலே, கம்பி அறுந்திருந்தது. வெளியே ஒரு தழும்பும் இல்லை. உள்ளே உயிர் இல்லை.

கூட்டாளி சொன்னான்: “டேய் அவசரம், பழுதுச் சீட்டு எழுதிக் குடுத்துடலாம்டா.”

நான் என்ன சொன்னேன்? “எழுதுனா அடுத்த வாரம் முதல்லேர்ந்து திரும்பச் செய்யச் சொல்லுவாங்க. நேராப் புடிச்சா காட்டுதுல்ல? புடி. முடிச்சிட்டுப் போவோம்.”

அவன் பிடித்தான். நான் குறித்தேன். முடித்தோம். மீட்டரைத் துடைத்து, கம்பியை அழகாகச் சுற்றி, ஏழு என்று எழுதிய இடத்திலேயே அலமாரியில் வைத்தேன். வைக்கப்படவில்லை, ஐயா! வைத்தேன். இந்தக் கை வைத்தது.

மறுநாள் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அன்றாவது எழுதினேனா? ‘சிறு தடை ஏற்பட்டது’ என்று எழுதினேன். பொறுமையின் பெருமையைக் கற்றுக்கொண்டேனாம்! அடுத்த வாரம்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவன் எழுதிய வரி, ஐயா, அது!

முதல்வர் ஐயா ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, மன்னிக்க வேண்டும். நான் சுருக்கி எழுதியதால்தான் ஆறு ஆண்டுகள் போயின. இன்று ஒரு நாள் நீளமாகச் சொல்ல விடுங்கள்.

அந்த ஆய்வகத்துக்கு ஓர் உதவியாளர் இருந்தார். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘லேப் அக்கா’. எந்தத் திருப்புளி எந்த இழுப்பறையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கருவியைத் தூக்கிப் போட்டால், “அது என்ன பாவம் பண்ணுச்சு, மெதுவா வைங்கப்பா” என்பார். அவ்வளவுதான் அவர் கோபம்.

நான் மீட்டரை வைத்துப் போன மூன்றாவது வாரம், பழைய மின்பலகை ஒன்றைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். அக்கா ஸ்விட்சை அணைத்தார். அலமாரியைத் திறந்து ஏழாம் எண் மீட்டரை எடுத்தார். முதலில் மின்சாரம் இருக்கிற சுவர் பிளக்கில் வைத்து மீட்டரையே சோதித்தார்; அது அவர் விடாத வழக்கம். கம்பி நேராக இருந்தது, எண் வந்தது. மீட்டர் நன்றாக இருக்கிறது என்று நம்பினார். பிறகு பலகைக்குள் குனிந்து, மூலையில் எட்டி வைத்தார். கம்பி வளைந்தது. பூஜ்ஜியம் வந்தது.

அந்தப் பலகைக்கு இன்னொரு வழியாகவும் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிக் கொடுக்கத்தானே மீட்டர்? காட்டிக் கொடுக்கவில்லை. பூஜ்ஜியத்தை நம்பி, அக்கா வலது கையை உள்ளே விட்டார்.

உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கையின் மூன்று விரல்கள் இன்றைக்கும் மடங்காது.

விசாரணை வைத்தார்கள். “சோதிச்சேன் சார், பூஜ்ஜியம்தான் காட்டுச்சு” என்று அக்கா சொன்னார். ஏழாம் எண் மீட்டரை மேசைமேல் வைத்துச் சோதித்தார்கள். மேசைமேல் கம்பி எப்படிக் கிடக்கும்? நேராகக் கிடக்கும். எண் வந்தது. முடிந்தது கதை. அந்தக் கோப்பின் நகலை நான் படித்திருக்கிறேன். ‘விபத்து ஏற்பட்டது. மீட்டர் சோதிக்கப்பட்டது. நல்ல நிலையில் இருப்பதாகக் கண்டறியப்பட்டது.’ எல்லாமே பட்டது, பட்டது, பட்டது. ஒரே ஒரு வாக்கியத்தில்தான் ஆள் இருக்கிறார். ‘உதவியாளர் சோதிக்காமல் கை வைத்தார்.’ அத்தனை பெரிய கோப்பில் எழுவாய் கிடைத்த ஒரே ஆள் அக்கா! அக்காவின் வேலை போயிற்று.

அப்போது நான் எங்கே இருந்தேன்? வீட்டில் இருந்தேன். தேர்வு விடுமுறை. செய்தி தெரிந்ததா? தெரிந்தது. எந்த மீட்டர் என்று தெரிந்ததா? கூட்டாளியே கேட்டுச் சொன்னான். வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். கேட்காததற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி, அதையும் ஒரு ‘ஏற்பட்டது’ ஆக்கிவிட்டேன்.

சென்ற மாதம் என் மேலதிகாரி அம்மா என் அறிக்கை ஒன்றைத் திருப்பிப் போட்டார். ஓர் இயந்திரத்தில் ‘கோளாறு ஏற்பட்டது’ என்று எழுதியிருந்தேன். பேனாவால் அந்தச் சொல்லை வட்டமிட்டு, “ஏற்பட்டதா? யாரு ஏற்படுத்துனது? அத எழுதாம எதுக்கு உனக்கு அறிக்கை?” என்றார். அவர் கேட்டது இயந்திரத்தைப் பற்றி. எனக்கு மடங்காத மூன்று விரல்கள் கண்ணில் நின்றன. அதே வாரத்தில்தான், முன்மாதிரிக் கட்டுரை எழுதியவர் என்ற முறையில் வந்து பேச வேண்டும் என்று இங்கிருந்து கடிதம் வந்தது.

நேற்றுக் காலை அக்காவைத் தேடிப் போனேன். ஒரு சலவைக் கடையின் பின்கட்டில் வேலை. வருகிற துணிகளுக்கு எண் அட்டை குத்துகிறார், இடது கையால். சட்டையை வலது முழங்கையால் மேசையோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் ஊசி குத்துகிறார். நீராவியும் சோப்பு வாடையுமாக மூச்சு முட்டுகிற அறை. உட்கார இடமில்லை. நின்றபடியே சொன்னேன். வியாழக்கிழமை, மூன்றரை மணி, ஏழாம் எண், கறுப்புக் கம்பி, வளைத்தால் பூஜ்ஜியம். எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

“அப்ப நான் சோதிச்சேனா தம்பி?”

“சோதிச்சீங்கக்கா.”

“எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, நானே சோதிக்கலன்னு நம்பிட்டேன்ப்பா. ஆறு வருஷமா இந்தக் கையப் பாத்து நானே திட்டிட்டு இருந்தேன்.”

மாணவர்களே! விரல் போனதற்கு மின்சாரம் காரணம். வேலை போனதற்கு விசாரணை காரணம். ஆனால், தான் செய்ததைத் தானே நம்ப முடியாமல் ஒரு மனிதர் ஆறு ஆண்டு வாழ்ந்தாரே, அதற்கு யார் காரணம்? என் கட்டுரை காரணம். ஒரே ஒரு வரி. அந்த வரியில் ஒரே ஒரு சொல்.

‘எழுதுவது எப்படி என்று சொல்லவே இல்லையே’ என்று அங்கே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அதைத்தானே தம்பி இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்? சரி, நேராகவே சொல்கிறேன். எழுத உட்காரும்போது எதை எழுதக் கை தயங்குகிறதோ அதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு. நீ செய்ததை ‘செய்தேன்’ என்று எழுது. ‘ஏற்பட்டது’ என்று கை ஓடினால் பேனாவை மூடிவைத்துவிட்டு யார் என்று கேள். மீட்டருக்கு எண் இருக்கிற மாதிரி உன் தவறுக்கும் நாள் இருக்கிறது, மணி இருக்கிறது, இடம் இருக்கிறது, அதைப் போடு. ‘கற்றுக்கொண்டேன்’ என்று முடிக்கிறாயா? அடுத்த வியாழக்கிழமை எதை மாற்றிச் செய்வாய் என்று உன்னையே கேள். பதில் இல்லையா? அப்படியானால் நீ கற்றுக்கொள்ளவில்லை, கட்டுரையை முடித்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிள்ளை ‘நான் அவசரப்பட்டேன், மறைத்தேன்’ என்று எழுதிக் கொடுத்தால், அதற்கு நீங்கள் மதிப்பெண் குறைத்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை அழகாக எழுதும். என்னைப் போல் எழுதும். உங்கள் அலமாரியில் இன்னொரு மீட்டர் அழகாகச் சுற்றிவைக்கப்பட்டிருக்கும்.

“நாளைக்கு விழாவுக்கு வாங்கக்கா” என்று கூப்பிட்டேன். வரவில்லை. “அந்தப் படி ஏற மாட்டேன் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தக் கோப்புல நான் சோதிக்கலன்னு இருக்குல்ல, அத மட்டும் அடிக்கச் சொல்லு” என்றார். மடங்காத விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார். மடங்கவில்லை. இந்தப் பேச்சாலும் மடங்கப் போவதில்லை.

முதல்வர் ஐயா அவர்களே! இதோ என் வாக்குமூலம். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என் கூட்டாளியும் போட்டிருக்கிறான். இதை அந்தக் கோப்பில் சேருங்கள். அக்காவைப் பற்றிய அந்த வரியை அடியுங்கள். அதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியாது, வருவது வரட்டும். இந்தப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்க வேண்டிய கட்டுரையை ஒட்டுங்கள். சின்னக் கட்டுரைதான். முழுதும் வாசிக்கிறேன்:

‘ஏழாம் எண் மீட்டரின் கறுப்புக் கம்பி உள்ளே அறுந்திருந்தது. நான் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்தேன்.’

தலைவர் ஐயா கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. கேட்கப் பொறுக்காமல் எழுந்து போனவர்களுக்கும் நன்றி. என் உரை நிறைவு செய்யப்படவில்லை. நான் முடித்துக்கொள்கிறேன்.

வணக்கம்.